விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று கேட்ட பிள்ளைகளுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு இது. காலையில் அவசரத்தில் பார்ப்பவர்கள் அப்படியே வைத்துவிட்டு, ராத்திரி சாப்பாடு முடிந்து நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரே பேச்சாக இருந்தது. ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து வெளிநாடு போய்வர வேண்டுமாம். ஒருவன் பாலி என்றான். ஒருத்தி புக்கெட் என்றாள். இன்னொருவன், "மதுரையில ஏறுனா ஒரு மணி நேரத்துல கொழும்பு. எதுக்கு அலையணும்?" என்றான். கடைசியில் ஒருவன், "டீச்சர், நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க. ஆனா சரித்திரப் பாடம் எடுக்காம இடத்தை மட்டும் சொல்லுங்க" என்று குரல் பதிவு போட்டான். முப்பது வருடத்துக்கு முன்னால் என் ஐந்தாம் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து தூங்கியவன்தான் அவன். அன்றைக்குத் தப்பித்துவிட்டான். இன்றைக்கு விடமாட்டேன்.

பிள்ளைகளே, நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். நீங்கள் பட்டியல் போட்டிருக்கிற ஊர்கள் எல்லாவற்றிலும் நம்மவர்கள் உங்களுக்கு முன்பே கால் வைத்திருக்கிறார்கள். வியாபாரத்துக்குப் போனார்கள், சண்டைக்குப் போனார்கள், வயிற்றுப் பாட்டுக்குப் போனார்கள். வேடிக்கை பார்க்கவும் ஓய்வெடுக்கவும் போகிற முதல் தலைமுறை நீங்கள்தான். அது பெரிய சந்தோஷம். நன்றாகப் போய் வாருங்கள். ஆனால் திட்டம் போடும்போது, முன்னால் போனவர்களுக்காக ஒரு நாளை ஒதுக்கி வையுங்கள். ஏன் சொல்கிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அது எங்கள் வீட்டுக் கதை.

முதலில் புக்கெட். கடலும் மணலும் பார்க்க எல்லாரும் அங்கேதான் போகிறார்கள். அங்கிருந்து படகில் கிராபிக்கும் கூட்டிப்போவார்கள். அந்தக் கிராபி மாவட்டத்தில் குளோங் தொம் என்ற ஊரில், ஒரு புத்த விகாரையோடு சேர்ந்து சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தப் பகுதியில் கிடைத்த ஒரு கல், கை அகலம்கூட இருக்காது. பொன்னை உரசிப் பார்க்கும் உரைகல். அதில் தமிழி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று வெட்டியிருக்கிறது. பெரும்பத்தன் என்ற தட்டாருடைய கல் என்று பொருள். ஏறத்தாழ 1,700 வருடத்துக்கு முந்தியது.

யோசித்துப் பாருங்கள். ஒரு நகைத் தொழிலாளி தன் பட்டறைச் சாமானை மூட்டை கட்டிக்கொண்டு, வங்காள விரிகுடாவைத் தாண்டிப் போயிருக்கிறார். கல் மாறிப் போய்விடக் கூடாது என்று தன் பெயரையும் வெட்டி வைத்திருக்கிறார். நம் வீட்டில் கல்யாணப் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டுகிற மாதிரிதான். நம் தேனி மாவட்டத்தில், ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டுபிடித்த நடுகற்களை நான் பலமுறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அதில் இருப்பதும் இந்தத் தமிழி எழுத்துதான். வைகைக் கரையில் எழுதிய எழுத்து, கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு பொன் வேலைக்காரர் கையிலும் இருந்திருக்கிறது.

புக்கெட்டுக்கு வடக்கே தக்குவா பா என்று ஓர் இடம். அங்கே ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. காலம் 9-ஆம் நூற்றாண்டு. அவனிநாரணம் என்ற பெயரில் வெட்டிய குளத்தையும், அதற்குக் காவலாக மணிக்கிராமத்தாரையும் அது சொல்கிறது. அவனிநாரணன் என்பது பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனுடைய பட்டப்பெயர். மணிக்கிராமத்தார் என்பவர்கள் நம் பக்கத்து வணிகக் குழுவினர். போன இடத்தில் முதல் வேலையாகக் குளம் வெட்டியிருக்கிறார்கள் பாருங்கள்! தமிழன் எங்கே போனாலும் தண்ணீருக்கு வழி பண்ணிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான் என்று என் அப்பத்தா சொல்லும்.

இங்கே ஒரு விஷயம். சுற்றுலா ஏற்பாட்டாளரிடம் கேட்டால், நவம்பர் முதல் ஏப்ரல் வரை புக்கெட் 'சீசன்' என்பார். கடல் அமைதியாக இருக்கும், மழை இருக்காது. ஆனால் அந்தக் காலத்து வியாபாரிக்குக் கணக்கு வேறு. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும்போது பாய் விரித்தால்தான் கப்பல் இங்கிருந்து கிழக்கே போகும். வடகிழக்குக் காற்று தொடங்கிய பிறகுதான் திரும்பி வர முடியும். அதாவது நீங்கள் அங்கே போய் இறங்குகிற மாதத்தில், அவர்கள் மூட்டை கட்டி ஊர் திரும்பிக்கொண்டிருப்பார்கள். நடுவில் மாதக்கணக்கில் அங்கே தங்கியாக வேண்டும். தங்கியதால்தான் குளமும் தேவைப்பட்டது, கோயிலும் தேவைப்பட்டது.

அப்படியே பாங்காக் போகிறவர்கள், நகரத்தின் நடுவில் சிவப்பு நிறத்தில் இரண்டு பெரிய மரத்தூண்கள் ஊஞ்சல் மாதிரி நிற்பதைப் பார்ப்பீர்கள். அதில் ஊஞ்சலாடும் சடங்கை 1935-இல் நிறுத்திவிட்டார்கள். ஆனால் அந்தச் சடங்கு சேர்ந்த திருவிழாவின் பெயர் இன்றும் 'திரியெம்பாவை'. நம் மார்கழி மாதத்துத் திருவெம்பாவைதான். பக்கத்திலேயே அரண்மனைப் பிராமணர்களின் கோயில் இருக்கிறது. அவர்கள் தலைமுறை தலைமுறையாக அந்தப் பாட்டை ஓதி வருகிறார்கள். பொருள் மறந்துவிட்டது, உச்சரிப்பும் மாறிவிட்டது, ஓதுவது நிற்கவில்லை. நீங்கள் புகைப்படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள், ஒரு நிமிடம் நில்லுங்கள்.

இனி பாலி. பாலியின் வடகரையில் செம்பிரான் என்ற ஊரில் தோண்டியபோது, உள்பக்கம் வட்ட வட்டமாகக் கோலம் போட்ட மெல்லிய மட்பாண்ட ஓடுகள் கிடைத்தன. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் கிடைத்த அதே வகை. ஏறத்தாழ 2,000 வருடத்துக்கு முன்பே இங்கும் அங்கும் போக்குவரத்து இருந்திருக்கிறது. சுமத்ரா தீவின் மேற்குக் கரையில் பாரூஸ் என்ற இடத்தில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருந்தது. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு வைத்தது. அது சூடம் விளைகிற பகுதி. நாம் சாமிக்குச் சூடம் காட்டுகிறோமே, அதில் நல்ல சரக்கு அந்தக் காலத்தில் அங்கிருந்து வந்ததுதான். இங்கிருந்து துணி போனது, அங்கிருந்து சூடமும் வாசனைச் சரக்கும் வந்தன. ஏலக்காய் வாசனையிலேயே பிறந்து வளர்ந்த போடிக்காரர்களுக்கு இந்தக் கணக்கு சொல்லித்தர வேண்டியதில்லை.

மலேசியாவில் லங்காவித் தீவுக்கு ஆசைப்படுகிறவர்கள் கேளுங்கள். அந்தத் தீவு கெடா மாநிலத்தில் இருக்கிறது. கெடா என்பதுதான் நம் கல்வெட்டுகளில் வரும் கடாரம். ராஜேந்திர சோழன் 1025-இல் கப்பற்படை அனுப்பி வென்ற கடாரம். அந்த மாநிலத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு என்ற இடத்தில் பழைய கோயில்களின் அடித்தளங்கள் வரிசையாக இருக்கின்றன. பக்கத்திலேயே அருங்காட்சியகம். பினாங்கிலிருந்து வண்டியில் போய் ஒரே நாளில் திரும்பிவிடலாம். ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் என்ற பெயரும் வரும். அது நிக்கோபார். அவன் அப்பா ராஜராஜன், கடலில் உள்ள பன்னீராயிரம் பழந்தீவுகளை வென்றதாகச் சொல்லிக்கொண்டான். அவை மாலத்தீவு என்பது அறிஞர்கள் கருத்து. இன்று தேன்நிலவுக்குப் போகிற மாலத்தீவுதான்!

இதையெல்லாம் கேட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொள்கிறீர்கள், தெரிகிறது. வகுப்பிலும் இந்த இடத்தில் கை தட்டுவீர்கள். ஆனால் பாடம் இதோடு முடியவில்லை. கடாரம் வென்ற கதையைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அதற்கு 900 வருடம் கழித்து அதே மண்ணில் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கப் போனவர்களின் கதையைச் சொல்வதற்குத்தான் ஆள் குறைவு.

தாய்லாந்து போகிறவர்கள் காஞ்சனபுரிக்கும் போவார்கள். ஆற்றின் மேல் இரும்புப் பாலம், அதில் பொம்மை ரயில் மாதிரி ஒரு ரயில். எல்லாரும் படம் எடுப்பார்கள். இரண்டாம் உலகப் போரில், 1942 ஜூனிலிருந்து 1943 அக்டோபர் வரை, ஜப்பானியர் சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டருக்குப் போட்ட பாதை அது. வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்கு அங்கே அழகான கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 கல்லறைகள், புல் வெட்டி, பூச்செடி வைத்திருக்கிறார்கள். பெயர் தெரிந்த ஒவ்வொருவருக்கும் கல்லில் பெயர் உண்டு. ஆனால் அந்தப் பாதையில் செத்தவர்களில் பெரும்பகுதி ஆசியத் தொழிலாளிகள். அவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டுபோன தமிழர்கள் பல்லாயிரம் பேர். காலராவிலும் பட்டினியிலும் விழுந்தவர்களைக் காட்டில் ஒன்றாகப் போட்டு மூடினார்கள். அவர்களுக்குத் தனித்தனிக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. அந்தப் பாலத்தில் நிற்கும்போது பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். பயந்துவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். பிள்ளைகளுக்கு உண்மை தாங்கும்.

சரி, இப்போது இலங்கைக்கு வருகிறேன். இங்கேதான் நம் ஊரும் எங்கள் வீடும் வருகின்றன.

போடியிலிருந்து மேற்கே பார்த்தால் மலை. குரங்கணி, கொட்டகுடி, அதற்கு மேலே டாப் ஸ்டேஷன். மூணாறுப் பக்கத்துத் தேயிலையை 1902-இலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷனுக்குத் தண்டவாளத்தில் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து கம்பிவடத்தில் கீழே கொட்டகுடிக்கு இறக்கினார்கள். கொட்டகுடியிலிருந்து போடி. பிறகு தூத்துக்குடி, கப்பல், லண்டன். 1924 வெள்ளம் அந்த மலை ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. இதெல்லாம் உங்களில் பலருக்குத் தெரியும். குரங்கணிக்குச் சுற்றுலா கூட்டிப்போனபோது சொல்லியிருக்கிறேன்.

தேயிலை இறங்கிய வழியிலேயே ஆட்கள் ஏறினார்கள். ஊர் ஊராகக் கங்காணிகள் வந்தார்கள். சில கங்காணி மூணாறுக்கு ஆள் பிடித்தான், சில கங்காணி கண்டிக்கு ஆள் பிடித்தான். நம் பக்கத்தில் சிலோன் என்று யாரும் சொல்லமாட்டார்கள், 'கண்டிச் சீமை' என்பார்கள். மழை இல்லாத வருடத்தில் ஒரு வீட்டில் இரண்டு ஆண்பிள்ளைகள் இருந்தால் இரண்டு பக்கமும் போனார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். என் தாத்தா மூணாறு மலை ஏறினார். அவர் தம்பி, என் சின்னத் தாத்தா, கண்டிக்குப் போனார். மலை ஏறியவர் சித்திரைத் திருவிழாவுக்கு நடந்தே ஊருக்கு வந்துவிடுவார். கடல் தாண்டியவர் வரவே இல்லை.

போடிக்கு ரயில் வந்தது 1928-இல். "ரயிலு வந்த மறு வருசம் போனான்" என்று அப்பத்தா சொல்லும். அப்படியானால் 1929. போடியில் ஏறி மதுரை, மதுரையிலிருந்து மண்டபம். மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாம் இருந்தது. தோட்டத்துக்குப் போகிறவர்களை அங்கே நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று சோதித்து, உடம்புக்கும் துணிக்கும் மருந்தடித்து, பிறகுதான் அனுப்புவார்கள். பாம்பன் பாலம் 1914-லேயே வந்துவிட்டதால் தனுஷ்கோடி வரை ரயில். அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். மறுபடி ரயில். சென்னை எழும்பூரில் ஒரே டிக்கெட் வாங்கிக் கொழும்பு போய் இறங்கலாம். போட் மெயில் என்று அதற்குப் பெயர். அதே வழியில் துரைமார் வெள்ளிக் கரண்டியில் சாப்பிட்டுக்கொண்டு போனார்கள், நம்மவர்கள் மருந்து வாடையோடு போனார்கள்.

சின்னத் தாத்தா கொடுத்துவைத்தவர் என்றுதான் சொல்ல வேண்டும். அவருக்கு நூறு வருடம் முன்னால் கோப்பித் தோட்டக் காலத்தில் போனவர்களுக்கு ரயில் ஏது? ராமநாதபுரம் கரையில் தோணி ஏறி, மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். வழியெங்கும் காலராவில் விழுந்தார்கள். 1869-இல் கோப்பிச் செடிக்கு ஒரு பூஞ்சை நோய் வந்தது. சில வருடங்களில் கோப்பி அழிந்து அந்த இடத்தில் தேயிலை வந்தது. நீங்கள் நுவரெலியாவில் பார்த்துப் பார்த்துப் படம் எடுக்கப்போகிற பச்சை அத்தனையும் அப்படி வந்த பச்சைதான்.

இந்தியா 1939-இல் கூலி வேலைக்கு ஆள் போவதைத் தடுத்தது. இலங்கைக்கு 1948-இல் சுதந்திரம் வந்தது. அதே வருடம் வந்த குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழர்கள் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள். பிறகு 1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார்கள். 1974-இல் இந்திரா காந்தி காலத்தில் அவர்களையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அக்கா இந்தியா, தங்கை இலங்கை என்று குடும்பங்கள் பிரிந்தன. ஒப்பந்தம் போட்ட இரண்டு மாதத்துக்குள், டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் தனுஷ்கோடியே அழிந்தது. அதனால் திரும்பி வந்தவர்கள் தலைமன்னாரில் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். ராமானுஜம் என்ற கப்பல் அவர்களை ஏற்றி வந்தது. மறுபடியும் அதே மண்டபம் முகாம். தாத்தா போகும்போது வரிசையில் நின்ற இடத்தில், பேரன் வரும்போது வரிசையில் நின்றான்.

இனி எங்கள் வீட்டுக் கதை.

எங்கள் ஐயா ஏலக்காய்க் கடையில் மூட்டை தூக்கியவர். அம்மா அதே கடையில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலை. இரண்டு பேருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டுக்கு வரும் கடிதத்தைப் படிப்பதும் பதில் எழுதுவதும் என் வேலை. 1974-இல் நான் ஒன்பதாம் வகுப்பு. ஒருநாள் இலங்கைத் தபால்தலை ஒட்டிய கடிதம் வந்தது. சின்னத் தாத்தாவின் மகன் எழுதியிருந்தார். எனக்குச் சித்தப்பா முறை. தோட்டத்தில் பஞ்சம், அரிசி கிடைப்பதில்லை, மரவள்ளிக் கிழங்கு தின்று காலம் தள்ளுகிறோம் என்று எழுதியிருந்தார். 'பேப்பர்' வந்துவிட்டதாம், குடும்பத்தோடு இந்தியா போக வேண்டுமாம். கடைசியாக ஒன்று கேட்டிருந்தார். ஊருக்கு வந்தால், என் ஐயா பங்கில் ஓர் ஓரமாகக் குடிசை போட்டுக்கொள்ள இடம் விடுவீர்களா அண்ணா என்று.

நான் சத்தமாகப் படித்து முடித்தேன். ஐயா ஒன்றும் பேசவில்லை. அப்பத்தாதான், "அந்த மனுசன் பங்குதானே, வரச் சொல்லுடா" என்றது. ஐயா, "பாப்பா, பதில் அப்புறம் எழுதலாம்" என்றார். மறுநாளும் கேட்டேன். ஒரு வாரம் கழித்தும் கேட்டேன். "அப்புறம்" என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

எங்கள் ஐயா கெட்டவர் இல்லை. என் இரண்டு அக்காமாரைக் கட்டிக்கொடுக்க வேண்டியிருந்தது. இருந்தது ஓர் ஓட்டு வீடும் பின்னால் கொஞ்சம் காலி இடமும். அதில் பாதி தம்பி வீட்டுக்காரர்களுக்கு என்று ஊருக்கே தெரியும். அவர்கள் வந்தால் பிரித்தாக வேண்டும். வராவிட்டால் பிரிக்க வேண்டியதில்லை. இதை இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது. ஆனால் சரித்திரம் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, என் வீட்டுச் சரித்திரத்தை மறைத்தால் நான் என்ன டீச்சர்? அன்று பேனா என் கையில்தான் இருந்தது. ஐயாவுக்குத் தெரியாமல் ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம். நானும் எழுதவில்லை.

சென்ற ஆண்டு என் மகன் இலங்கைக்குக் கூட்டிப்போனான். ஐந்து ராத்திரித் திட்டம். கண்டி தலதா மாளிகை, யானைகள், நுவரெலியா, எல்லாவில் ஒன்பது வளைவுப் பாலம், கடைசியில் பெந்தோட்டைக் கடற்கரை. நிமிடத்துக்கு நிமிடம் கணக்கு. "எனக்கு அட்டன் பக்கம் அரை நாள் வேணும்பா" என்றேன். "அங்க என்னம்மா இருக்கு? எல்லா இடமும் அதே தேயிலைதான்" என்றான். அவனுக்கும் அந்தக் கடிதத்தைப் பற்றி நான் சொன்னதில்லை. அன்று ராத்திரி கண்டி விடுதியில் உட்கார்ந்து சொன்னேன். அவன் மறுபேச்சுப் பேசாமல் வண்டிக்காரரைக் கூப்பிட்டான்.

கடிதத்தின் பின்பக்கத்தில் இருந்த தோட்டத்தின் பெயர் எனக்கு மனப்பாடம். என் மகன் கைப்பேசிப் படத்தில் தேடித் தேடிப் பார்த்தான், கிடைக்கவில்லை. வண்டிக்காரர் மலையகத் தமிழர். சிரித்தார். "அம்மா, அது படத்துல இருக்காது. படத்துல தொரைமாரு வச்ச பேருதான் இருக்கும். இது நம்ம ஆளுக வச்ச பேரு" என்றார். அங்கே தோட்டத்துக்குத் தோட்டம் இரண்டு பெயர். கம்பெனிக்காரன் பெயர்ப்பலகையில் எங்கோ ஸ்காட்லாந்து ஊர்ப் பெயர் இருக்கும். அதைத் தொழிலாளிகள் யாரும் சொல்வதில்லை. அவர் இரண்டு இடத்தில் நிறுத்தி விசாரித்து, ஒரு மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டார்.

லயத்து வாசலில் ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருந்தார்கள். எண்பது இருக்கும். பேச ஆரம்பித்ததும் எனக்கு மூணாறில் நிற்கிற மாதிரி இருந்தது. பெரட்டு, கொந்தரப்பு, கவ்வாத்து, லயம். என் தாத்தா சொன்ன அதே வார்த்தைகள். சின்னத் தாத்தா பெயரைச் சொன்னேன். உடனே கண்டுகொண்டார்கள்.

"அவரு இந்த மண்ணுலதான் அடக்கம். மகன் குடும்பம் பேப்பரு வந்து போயிட்டாக. பஞ்சத்துக்கு மறு வருசம். அட்டன் வரைக்கும் போயி நாங்கதான் கோச்சி ஏத்திவுட்டோம்" என்றார்கள். திரும்பிப் போகிறவர்களை ஏற்றிச் சென்ற ரயிலுக்கு அங்கே 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர். ஏறுகிறவர்களும் அழுவார்கள், ஏற்றிவிடுகிறவர்களும் அழுவார்கள்.

"எங்கே போனார்கள்?" என்று கேட்டேன்.

"ஊருக்குத்தான் போறோம்னு சொன்னாக. பொறவு நீலகிரிப் பக்கம்னு யாரோ சொன்னாக. நீங்க யாரு, அவுகளுக்கு என்ன வேணும்?" என்றார்கள்.

அண்ணன் மகள் என்று சொன்னேன். அதற்குமேல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப அங்க வந்து சேரலையா அவுக?" என்று கேட்டார்கள்.

வந்திருக்கிறார்கள், பிள்ளைகளே. இந்தியாவுக்கு வந்திருக்கிறார்கள். ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபத்தில் தங்கி, மதுரையைத் தாண்டித்தான் போயிருப்பார்கள். மதுரையிலிருந்து போடிக்கு ரயில் இருந்த காலம் அது. பதில் வராத வீட்டுக்கு எப்படி வருவார்கள்? ஐம்பது வருடமாக நான் கடலுக்கு அந்தப் பக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள், ஒரு பகல் பஸ் தூரத்தில் இருந்திருக்கிறார்கள்.

அதனால்தான் ஒரு நாளை ஒதுக்கச் சொல்கிறேன். பெந்தோட்டைக் கடற்கரை நன்றாகத்தான் இருந்தது. பேரப்பிள்ளைகள் ஆசை தீர விளையாடினார்கள். நானும் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த அரை நாள் இல்லாவிட்டால், நான் எதைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று எனக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

இனி கேட்ட கேள்விக்கு நேரான பதில். மே மாத விடுமுறையில் போவதாக இருந்தால் புக்கெட் வேண்டாம், மழை தொடங்கிவிடும். பாலிக்கு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நல்ல காலம். இலங்கையில் இரண்டு கரைக்கும் இரண்டு பருவம். டிசம்பர் முதல் மார்ச் வரை பெந்தோட்டை, காலி இருக்கும் தென்மேற்குக் கரை. மே முதல் செப்டம்பர் வரை திருகோணமலை இருக்கும் கிழக்குக் கரை. கப்பலில் போக ஆசைப்பட்டால், நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் மறுபடி பயணிகள் கப்பல் விட்டார்கள். நடுவில் நின்று, 2024 ஆகஸ்டில் திரும்பத் தொடங்கியது. போகும் நேரத்தில் ஓடுகிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். விசா விதிகளும் அடிக்கடி மாறுகின்றன, பணம் கட்டும் முன் பாருங்கள்.

டிக்கெட் போடுவதற்கு முன்னால் இன்னொரு வேலை. வீட்டில் இருக்கிற பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். நம் வீட்டில் கண்டிக்கு, பினாங்குக்கு, ரங்கூனுக்கு யாராவது போனார்களா? தோட்டத்துக்குத் தமிழில் என்ன பெயர்? பழைய டிரங்குப் பெட்டியில் கடிதம், பாஸ்போர்ட், குடும்ப அட்டை ஏதாவது கிடக்கிறதா? கேட்க வேண்டியவர்கள் இன்னும் கொஞ்ச காலம்தான் இருப்பார்கள். இடம் அப்படியே இருக்கும், சொல்வதற்கு ஆள் இருக்காது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கோத்தகிரி, குன்னூர், கூடலூர், கொடைக்கானல் பக்கம் வேலை பார்க்கிற என் மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். 1975 வாக்கில் அட்டன் பக்கமிருந்து வந்து, "எங்க தாத்தாவுக்குச் சொந்த ஊர் போடி" என்று சொல்கிற குடும்பம் உங்கள் கண்ணில் பட்டால், எனக்குத் தனிச் செய்தியில் சொல்லுங்கள். பெயரை இங்கே எழுதவில்லை, அவர்களுக்குச் சங்கடமாக இருக்கலாம். என் பிள்ளைகளிடமும் பேசிவிட்டேன். வீட்டுக்குப் பின்னால் அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. ஒரு முருங்கை மரம் மட்டும் நிற்கிறது. அது அவர்களுடைய பங்கு. வந்து இருந்தாலும் சரி, விற்றுக்கொண்டாலும் சரி. கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டியவள் நான்தான் என்று அவர்களிடம் சொல்லுங்கள்.

பயணம் போகிறவர்கள் பத்திரமாகப் போய் வாருங்கள். வந்ததும் படத்தோடு ஒரு பக்கம் எழுதி அனுப்ப வேண்டும். எழுத்துப் பிழை இருந்தால் திருத்தித் திருப்பி அனுப்புவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
போடிநாயக்கனூர்.